நித்திரை சுகம் அறியாது

பத்மநாபபுரம் அரண்மனைக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒரு கடமை மாதிரி. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கன்னியாகுமரி, சுசீந்திரம், அப்புறம் தக்கலையில் இறங்கி அரண்மனை. கடைசியாகப் போனது அக்கா மகனோடு. அவனுக்கு ஏழு வயது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்ததும் கருப்புத் தரையின் குளிர்ச்சி காலில் ஏறியது. முட்டை வெள்ளைக்கரு, சிரட்டைக் கரி, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்று சொல்வார்கள். முகம் பார்க்கலாம் போல இருக்கும்.

உப்பரிகை மாளிகையின் முதல் மாடியில் மன்னரின் படுக்கையறை. நடுவில் ஒரு கட்டில். 64 வகை மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்தது, டச்சுக்காரர்கள் பரிசாகக் கொடுத்தது என்று வழிகாட்டி சொன்னார். அந்தக் கட்டிலில் படுத்தால் உடம்புக்கு எந்த நோயும் அண்டாதாம். கூட்டத்தில் எல்லோரும் "ஓ" என்றார்கள். அக்கா மகன் மட்டும் என் கையை இழுத்துக் கேட்டான்: "மாமா, இதுல படுத்தா ராஜாவுக்குத் தூக்கம் வந்திருக்குமா?"

"ஏன்டா வராது?"

"மருந்துக் கட்டில்னா ஆஸ்பத்திரிக் கட்டில்தானே?"

சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஒருவனுக்கு 64 மரங்களின் துணை எதற்குத் தேவைப்படுகிறது? பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று பழமொழி. தூக்கம் வருகிறவனுக்குத் திண்ணை போதும், பஸ் சீட்டு போதும், அரிசி மூட்டை போதும். அப்படியென்றால் அரசர்களின் படுக்கையறைகளில் இருக்கும் அத்தனை மரமும் தந்தமும் பட்டும் வெள்ளியும் எதற்காக? தூங்குவதற்கா, தூக்கம் வராததைச் சரிக்கட்டவா? இன்னும் ஒரு படி தள்ளிக் கேட்டால், மற்றவர்களின் உயிரைக் கையில் வைத்திருப்பவன் நிம்மதியாகத் தூங்கலாமா?

உப்பரிகை மாளிகை நான்கு அடுக்குக் கட்டடம். மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1750ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. அடித்தளத்தில் கஜானா. அதற்கு மேலே மன்னரின் படுக்கையறை. அதற்கும் மேலே அவர் தனித்திருந்து ஓய்வெடுக்கும் தளம். உச்சியில் பத்மநாப சுவாமிக்கான அறை. அதன் சுவர்கள் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளும் அந்தச் சுவரில் உண்டு. அங்கே இரண்டு விளக்குகள் அணையாமல் எரிந்தன என்று சொல்வார்கள். ஆக மன்னர் படுத்திருந்தது பணத்துக்கு மேலே, கடவுளுக்குக் கீழே. கட்டிலையும் ஓவியத்தையும் விட எனக்கு இந்த அடுக்கு முறைதான் அந்த அறையின் மிகப் பெரிய அலங்காரமாகத் தெரிகிறது.

படுத்திருந்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மார்த்தாண்ட வர்மா 1729இல் பட்டத்துக்கு வந்தவர். அதற்கு முன்னால் எதிரிகளுக்குப் பயந்து ஊர் ஊராக ஓடி ஒளிந்தவர். நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரத்தின் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்று கதை உண்டு. அம்மச்சிப் பிலாவு என்று அந்த மரத்துக்குப் பெயர். ஒரு காலத்தில் ஒரே ஒரு மரம் அவரைக் காப்பாற்றியது. பிறகு 64 மரங்கள் தேவைப்பட்டன. பட்டத்துக்கு வந்ததும் தம்பிமாரைக் கொன்றார். எட்டுவீட்டில் பிள்ளைமாரின் வம்சத்தை வேரோடு பிடுங்கினார். அந்தக் குடும்பங்களின் பெண்களையும் குழந்தைகளையும் மீனவர்களிடம் ஒப்படைத்ததாகத் திருவிதாங்கூர் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. அக்கம்பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தார். வழிகாட்டி சொல்வது உண்மையானால், தோற்றுப்போனவன் கொடுத்த கட்டிலில்தான் ஜெயித்தவர் படுத்திருக்கிறார்.

1750 ஜனவரியில் அவர் ஒரு காரியம் செய்தார். திருவனந்தபுரம் கோயிலில் தன் வாளைப் பத்மநாபன் முன்னால் வைத்து, நாட்டையே அந்தக் கடவுளுக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படித்தானம் என்று பெயர். அன்றிலிருந்து நாடு கடவுளுடையது. மன்னர் பத்மநாபதாசன், வெறும் வேலைக்காரன். இதைப் பக்தி என்று சொல்பவர்கள் உண்டு. கடவுளின் சொத்து என்றாகிவிட்டால் எதிர்ப்பது பாவமாகிவிடும், அதனால் இது ராஜதந்திரம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். அந்தப் படுக்கையறையில் நிற்கும்போது எனக்கு மூன்றாவதாக ஒன்று தோன்றுகிறது. இத்தனை செய்த மனிதனுக்கு ராத்திரி கண்ணை மூட ஒரு வழி வேண்டியிருந்தது. "இது என்னுடையது இல்லை, மேலே இருக்கிறானே அவனுடையது" என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் தூங்கலாம். மடியில் கனத்தைக் கீழ்த்தளத்தில் இறக்கி வைத்தாகிவிட்டது. நெஞ்சில் இருந்த கனத்தை மேல்தளத்துக்கு ஏற்றியாகிவிட்டது. நடுவில் கட்டில்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. யாரிடம் பொறுப்பை ஒப்படைத்தாரோ அந்தக் கடவுளே தூங்கிக்கொண்டிருக்கிறவர். திருவனந்தபுரத்தில் மூன்று வாசல்கள் வழியாகத்தான் அவரைப் பார்க்க முடியும். ஒன்றில் முகம், ஒன்றில் நாபி, ஒன்றில் பாதம். படுத்தே கிடக்கிறார். ஆனால் தமிழில் அந்தத் தூக்கத்துக்கு ஒரு அருமையான சொல் இருக்கிறது: அறிதுயில். தூங்கிக்கொண்டே எல்லாவற்றையும் அறிந்திருப்பது. ஆள்பவன் எப்படித் தூங்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோமோ அந்த ஆசைதான் இந்தச் சொல் என்று நினைக்கிறேன். மனிதனுக்கு அது வாய்க்காது. மனிதன் தூங்கினால் ஒன்றும் அறியமாட்டான். அறிந்துகொண்டே இருந்தால் தூங்கமாட்டான்.

தூக்கம் என்பது அடிப்படையில் ஒரு ஒப்படைப்பு. கண்ணை மூடுகிற அந்த நொடியில் என் கழுத்தை, என் பிள்ளையை, என் வீட்டுக் கதவை, விழித்திருக்கும் யாரிடமோ ஒப்படைக்கிறேன். அந்த யாரோ என் பக்கத்தில் இருப்பவராகவோ, தெருவில் விசில் ஊதிக்கொண்டு போகும் கூர்க்காவாகவோ, பெயர் தெரியாத ஒரு ஒழுங்காகவோ இருக்கலாம். நம்பிக்கை இருந்தால் தூக்கம் வரும். அரசனின் சிக்கல் என்னவென்றால், ஊரே அவனை நம்பித் தூங்குகிறது, அவன் யாரை நம்பித் தூங்குவது? ஒவ்வொரு அரசனின் படுக்கையறையும் இந்தக் கேள்விக்கு மரத்திலும் கல்லிலும் எழுதிய ஒரு பதில்.

யாரையும் நம்பாதே என்பது ஒரு பதில். சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரை ஆண்ட டயோனீசியஸ் தன் படுக்கையறையைச் சுற்றி அகழி வெட்டி, அதன் மேல் சின்ன மரப்பாலம் போட்டிருந்தான் என்று ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். ராத்திரி கதவைச் சாத்தும்போது அந்தப் பாலத்தைத் தன் கையாலேயே விலக்கிவிடுவானாம். நாவிதனின் கத்தியை நம்ப முடியாமல் மகள்களையே சவரம் செய்ய வைத்தவன். கோட்டைக்கு அகழி இருக்கும், தெரியும். கட்டிலுக்கு அகழி என்பதை யோசித்துப் பாருங்கள். நாட்டையே ஜெயித்தவனுக்குக் கடைசியில் நம்பகமான நிலமாக மிஞ்சியது ஒரு கட்டில் அகலம்தான்.

நம் பக்கத்து அர்த்தசாஸ்திரமும் இந்த விஷயத்தில் சளைத்ததில்லை. அரசனின் அந்தப்புரம் எப்படிக் கட்டப்பட வேண்டும், ரகசிய வழிகள் எங்கே இருக்க வேண்டும் என்றெல்லாம் அது விவரிக்கிறது. ராணியின் அறையில் ஒளிந்திருந்த தம்பி அண்ணனைக் கொன்றதையும், தாயின் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த மகன் தகப்பனைக் கொன்றதையும் உதாரணமாகச் சொல்லி எச்சரிக்கிறது. அரசன் எழுந்ததும் அவனைச் சூழ்ந்து நிற்க வேண்டியவர்கள் வில்லேந்திய பெண்கள். தூக்கத்துக்கு அது ஒதுக்கும் நேரம் இன்னும் கொடுமை. இரவை எட்டுப் பங்காகப் பிரித்து, நான்காவதும் ஐந்தாவதும்தான் தூக்கம் என்கிறது. நம் கணக்கில் மூன்று மணி நேரம். இந்தப் படுக்கையறையில் எத்தனை அழகான பொருள் இருந்தாலும், அரசன் முதலில் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் படுக்க முடியும்.

இதற்கு நேர் எதிரான பதில் வெர்சாய். ஒளிப்பதற்குப் பதிலாக எல்லோருக்கும் காட்டிவிடுவது. பதினான்காம் லூயி 1701இல் தன் படுக்கையறையை அரண்மனையின் நட்டநடுவுக்கு மாற்றினார். ஜன்னல்கள் கிழக்கே பார்த்தவை. சூரியனும் மன்னரும் ஒன்றாக எழ வேண்டும் என்பது கணக்கு. கட்டிலைச் சுற்றித் தங்கமுலாம் பூசிய கைப்பிடிச் சுவர், கோயில் கருவறைக்கு முன்னால் இருக்குமே அது மாதிரி. காலையில் அவர் எழுவது ஒரு சடங்கு. ராத்திரி படுப்பது இன்னொரு சடங்கு. சட்டையை எடுத்துக் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதில் பிரபுக்களுக்குள் போட்டி. மன்னர் அறையில் இல்லாதபோதும் அந்தக் கட்டிலைக் கடந்து போகிறவர்கள் அதற்கு வணக்கம் செலுத்த வேண்டும். கடைசியில் 1715 செப்டம்பர் 1ஆம் தேதி, கால் அழுகி, அதே அறையில்தான் அவர் செத்தார். சாவும் பொது நிகழ்ச்சிதான்.

அவருக்குப் பின் வந்த பதினைந்தாம் லூயி செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அந்தப் பெரிய அறை குளிர்காலத்தில் தாங்க முடியாத குளிர். அவர் 1738இல் வேறு பக்கத்தில் சின்னதாக, கதகதப்பாக ஒரு படுக்கையறை அமைத்துக்கொண்டார். ராத்திரி பெரிய கட்டிலில் படுக்கிற சடங்கு முடிந்ததும் எழுந்து போய்ச் சின்னக் கட்டிலில் தூங்குவார். காலையில் எழுந்து வந்து, பெரிய கட்டிலிலிருந்து எழுகிற சடங்கை நடத்துவார். ஒரு மனிதன் தினமும் இரண்டு தடவை படுத்து, இரண்டு தடவை எழுகிறான். அதில் ஒரு கட்டில் அதிகாரத்துக்கு, ஒரு கட்டில் உடம்புக்கு. அதிகாரத்தின் கட்டிலில் தூங்க முடியாது என்பதை அந்த ஒரு மனிதர் வாய் திறக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். வேடிக்கையாக இருந்தாலும் நேர்மையான செயல்.

இந்த அறைகளில் இன்னொரு படுக்கையும் உண்டு. பிரான்சு மன்னர்களின் கட்டில் கால்மாட்டில், மடக்கி வைக்கிற ஒரு சின்னப் படுக்கையில், தலைமைப் பணியாள் படுப்பான். மன்னருக்குத் தூக்கம் கலைந்தால் முதலில் தூக்கம் கலைய வேண்டியவன் அவன். பத்மநாபபுரத்தின் கருப்புத் தரையைப் பார்க்கும்போதும் இதுதான் நினைவுக்கு வருகிறது. கட்டிலில் படுத்தவர் பெயர் நமக்குத் தெரியும். கதவுக்கு வெளியே விழித்திருந்தவன் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அரசன் தூங்குகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வேறு யாரோ விழித்திருந்து விலை கொடுக்கிறார்கள். அது கடமையாக இருக்கிறவரை யாரும் கேட்கமாட்டார்கள். அது அநியாயமாக மாறும்போது கதவு உடையும். 1789 அக்டோபர் 6ஆம் தேதி விடிகாலையில் வெர்சாயில் அதுதான் நடந்தது. ரொட்டி கேட்டுப் பாரிசிலிருந்து நடந்து வந்த கூட்டம் ராணி மேரி அன்டோனெட்டின் படுக்கையறைப் பக்கம் புகுந்தது. காவலர்கள் கொல்லப்பட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக இருந்த ரகசியக் கதவு வழியாக அவர் தப்பி ஓடினார். அந்த அறையின் பூவேலைப் பட்டுகளில் எதுவும் அன்றைக்கு உதவவில்லை. உதவியது ஒரு சின்னக் கதவு.

தமிழில் அரண்மனைப் படுக்கையறையை நெடுநல்வாடை அளவுக்கு விரிவாகச் சொன்ன வேறு பழைய பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை. கயிறு பிடித்து, திசை பார்த்து, மனை வகுத்த அரண்மனை அது. உள்ளே அரசனைத் தவிர வேறு ஆண்கள் நெருங்க முடியாத அறை. யவனர்கள் செய்த பாவை கையில் அகல் ஏந்தி நிற்கிறது. சுவரில் பூங்கொடி ஓவியம். நடுவில் வட்டமான கட்டில். அதற்குப் பாண்டில் என்று பெயர். நாற்பது வயதான, போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தில் செய்தது. துணையோடு சேர்ந்த அன்னங்களின் தூவியால் ஆன மெத்தை. மேலே விதானத்தில் ராசி மண்டலமும், நிலவைப் பிரியாத உரோகிணியும் தீட்டப்பட்டிருக்கின்றன. இத்தனையும் சொல்லிவிட்டு நக்கீரர் காட்டுவது என்ன? அந்தக் கட்டிலில் அரசன் இல்லை. அரசி ஒருத்திதான் இருக்கிறாள். நகைகளைக் களைந்துவிட்டு, மேலே இருக்கும் உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அவளுக்கும் தூக்கம் இல்லை.

அரசன் பாசறையில் இருக்கிறான். நள்ளிரவு, மழைத்தூறல், வாடைக்காற்று. படைத்தலைவன் முன்னே போய்ப் புண்பட்ட வீரர்களைக் காட்டுகிறான். அரசன் சில பேரோடு அவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். பாட்டு அவன் பெயரைச் சொல்வதில்லை. வேலில் கட்டிய வேம்பை வைத்துப் பாண்டியன் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது, எப்பேர்ப்பட்ட அரசன், மெத்தையை விட்டுவிட்டு வீரர்களோடு விழித்திருக்கிறான் என்று ஆசிரியர் சொன்னார். நானும் நம்பினேன். இப்போது முழுசாக நம்ப முடியவில்லை. அந்தப் புண்கள் யார் ஆரம்பித்த போரில் வந்தவை? அந்தக் கட்டிலின் தந்தமே ஒரு பழைய போர்க்களத்திலிருந்து வந்ததுதானே? தூங்காமல் இருப்பது மட்டும் ஒருவனை நல்லவனாக்கிவிடாது. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. தான் செய்ததன் முகத்தை அவன் போய்ப் பார்க்கிறான். மெத்தையில் படுத்துக்கொண்டு கணக்குக் கேட்கவில்லை. பார்க்கவே போகாத அரசர்களை நினைத்தால் அது சின்ன விஷயம் இல்லை.

இன்றைக்கும் "நான் ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் தூங்குறேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தலைவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. தூக்கமில்லாத டிரைவர் ஓட்டுகிற பஸ்ஸில் நாம் ஏறுவோமா? தங்கக் கட்டில் எப்படி ஒரு காட்சிப்பொருளோ, தூக்கமின்மையும் அப்படியே ஒரு காட்சிப்பொருளாகலாம். எளிமைக்கும் இது பொருந்தும். ராஜாஜி 1948இல் கவர்னர் ஜெனரலாகி, 340 அறைகள் கொண்ட அந்த டெல்லி மாளிகைக்குப் போனபோது, வைஸ்ராய்களின் ஆடம்பரமான படுக்கையறை தனக்குச் சரிப்படாது என்று சிறிய அறைகளுக்கு மாறிக்கொண்டார். பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கினார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அறை சின்னதானதால் ஆட்சி நல்லதாகிவிடும் என்று சொல்லமாட்டேன். கட்டிலை மாற்றுவது ஒரு ஆரம்பம், அவ்வளவுதான்.

பிறகு எதை வைத்து அளப்பது? கொழும்பில் 2022 ஜூலை 9ஆம் தேதி நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த மக்கள் நீச்சல் குளத்தில் குதித்தார்கள், சமையலறைக்குப் போனார்கள். பிறகு படுக்கையறைக்குப் போய் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து வந்த நாட்களில் குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் இதை அநாகரிகம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வருடம் மார்ச் கடைசியில் அங்கே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் ராத்திரி பகலாக வரிசை. ஆட்டோவிலேயே தூங்கி, தெருவிலேயே விடிந்தவர்கள். வரிசையிலேயே உயிர் போனவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து போனது பணமும் எண்ணெயும் மட்டும் இல்லை, தூக்கமும் போனது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்கத்தான் அந்தக் கட்டில்வரை போனார்கள்.

அதே மனிதர் பாதுகாப்புச் செயலாளராக இருந்த 2009இல், வன்னியில் பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு விடியுமா என்று காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு எந்த மாளிகையின் கதவும் திறக்கவில்லை. அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கிற நாள் அவர்களுக்குப் பதின்மூன்று வருடம் தாமதமாக, வேறு யாருடைய கோபத்திலோதான் வந்தது. இதைச் சொல்லாமல் அந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை.

ஆகவே ஆள்பவன் தூங்கலாமா என்று கேட்டால், தாராளமாகத் தூங்கலாம், தூங்க வேண்டும் என்றுதான் சொல்வேன். மூன்று மணி நேரமும் வேண்டாம், அகழியும் வேண்டாம். ஆனால் அவன் தூக்கம் இன்னொருவரின் தூக்கத்தைப் பிடுங்கிச் செய்ததாக இருக்கக் கூடாது. அவனை நம்பிக் கண்ணை மூடியவர்கள் காலையில் அதே வீட்டில், அதே பிள்ளைகளோடு எழுந்திருக்க வேண்டும். இந்த ஒன்று சரியாக இருந்தால் கட்டில் தந்தமா, பலாமரமா, கோரைப்பாயா என்பது பெரிய விஷயம் இல்லை. இது சரியில்லை என்றால் 64 மரமும் வெறும் விறகு. பொறுப்பைக் கடவுளுக்கு எழுதிக் கொடுப்பதிலும் எனக்குள்ள சங்கடம் இதுதான். சொத்தை எழுதிக் கொடுக்கலாம். எட்டுவீட்டுப் பிள்ளைகள் எந்தக் குடிசையில் அன்றைக்குப் படுத்திருந்தார்கள் என்ற கணக்கை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அது எழுதியவன் பெயரிலேயே நிற்கும்.

அன்றைக்கு அரண்மனையை விட்டு வெளியே வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. தக்கலையில் நாகர்கோவில் பஸ் பிடித்தோம். நல்ல கூட்டம். ஒரு அம்மா நகர்ந்து கொடுத்து அவனை மட்டும் உட்கார வைத்தார். வில்லுக்குறி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். தலை அந்த முன்பின் தெரியாத அம்மாவின் தோளில் சாய்ந்து கிடந்தது. நான் எழுப்பப் போனேன்.

"கிடக்கட்டும் விடுங்க, பிள்ள தூங்கட்டு" என்றார் அவர். இறங்குகிறவரை தோளை அசைக்கவே இல்லை.